‘‘அது துப்பாக்கியே இல்லைன்னு சொல்லித்தான் விக்கிறாங்க அக்கா!’’

‘‘அக்கா, 80 சதவிகிதம்தான் செஞ்ச துப்பாக்கி... அது துப்பாக்கியா, இல்லையா?’’

பெரியம்மா மகன் டெக்சாஸிலிருந்து வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டபோது நான் நைட் ஷிஃப்ட்டில் இருந்தேன். ஏதோ மீம் பற்றிக் கேட்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், அவன் குரலில் சிரிப்பு இல்லை.

தம்பிக்கு 24 வயது. வீட்டை அடமானம் வைத்து எம்.எஸ் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு முந்தின வாரம், அவனுடைய ரூம்மேட்டை அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கிலேயே ஒருவன் மடக்கி, துப்பாக்கியை நீட்டி, போனையும் பர்ஸையும் பறித்துக்கொண்டு போயிருக்கிறான். தம்பி தினமும் லைப்ரரி முடித்து இரவு பதினொன்றரைக்கு அதே பார்க்கிங் வழியாகத்தான் நடந்து வருகிறான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் சொன்னால் அடுத்த ஃபிளைட்டில் கிளம்பி வா என்பார்.

‘‘கடையில போய் வாங்கினா ஃபார்ம், விசாரணைன்னு ஆயிரம் இருக்கு. இது முடிக்காத ஃபிரேம் மட்டும்தான். ஆன்லைன்ல ஆர்டர் பண்ணா வீட்டுக்கே வரும்னு ஃப்ரெண்ட் சொல்றான். அது துப்பாக்கியே இல்லைன்னு சொல்லித்தான் விக்கிறாங்க அக்கா. நீதான் இதைப் பத்தி நியூஸ் போட்டியே, அதான் கேக்குறேன்.’’

நியூஸ் போட்டது உண்மை. 2025 மார்ச் 26-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த இரவு, ‘பேய்த் துப்பாக்கிகளுக்குத் தடை’ என்று அவசரமாகத் தலைப்பு வைத்தவள் நான்தான். பத்து நிமிடத்தில் சீனியர் கூப்பிட்டு, ‘‘தடைன்னு தீர்ப்புல எங்கம்மா இருக்கு?’’ என்றார். தலைப்பை மாற்றினேன். ஆனால், தீர்ப்பை முழுதாகப் படிக்கவில்லை. தம்பி கேட்ட அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன்.

ஒரு கைத்துப்பாக்கியில் குழல், ஸ்பிரிங், மேலே நகரும் ஸ்லைடு எனப் பல பாகங்கள் உண்டு. அவற்றையெல்லாம் தாங்குகிற, கைப்பிடியோடு சேர்ந்த உடல்தான் ஃபிரேம். தமிழில் சட்டம். படத்துக்குச் சட்டம் போடுகிறோமே, அந்தச் சட்டம். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, மற்ற பாகங்களைப் பொதுவாகச் சாதாரண உதிரிபாகம்போல வாங்கலாம். ஃபிரேம் மட்டும் தனியாக இருந்தாலும் அது துப்பாக்கிதான். சீரியல் நம்பர் பொறிக்கப்படுவதும் அதில்தான்.

இந்த ஏற்பாடு 1968-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஜான் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி தபாலில் ஆர்டர் செய்து வாங்கப்பட்டது. அதன்பின் 1968-ல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி என அடுத்தடுத்த கொலைகள். அதற்குப் பிறகுதான் உரிமம், பதிவேடு, சீரியல் நம்பர் எல்லாம் இறுக்கமாயின.

அந்தச் சட்டத்தில் கண்டுபிடித்த சந்துதான், ‘80 சதவிகிதம்’. ஃபிரேமை முழுதாகச் செய்யாமல், கொஞ்சம் வேலையை பாக்கி வைத்து விற்றால், ‘இது வெறும் பிளாஸ்டிக் துண்டு’ என்று வாதாடலாம். 80 சதவிகிதம் என்பது வியாபாரிகள் வைத்த பெயர். அப்படி ஓர் அளவு சட்டப் புத்தகத்தில் கிடையாது. வாங்குபவர் வீட்டில் மீதி வேலையை முடித்தால், நம்பரே இல்லாத துப்பாக்கி தயார். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்தாலும் யார் வாங்கியது என்று போலீஸால் தடம் பிடிக்க முடியாது. அதனால்தான் ‘பேய்’. 2017-ல் தடம் பிடிக்கச் சொல்லி அரசுக்கு வந்த இத்தகைய துப்பாக்கிகள் சுமார் 1,600. 2021-ல் 19,000-க்கும் மேல்.

2022 ஆகஸ்ட்டில் புதிய விதி வந்தது. சுலபமாகத் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட் என்றால் அதுவும் துப்பாக்கியே. விற்பவருக்கு உரிமம் வேண்டும், ஃபிரேமில் நம்பர் வேண்டும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். இதை எதிர்த்துப் போன வழக்கில்தான், 7-க்கு 2 என்ற கணக்கில் விதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச் சொன்ன உதாரணம் நமக்கும் புரியும்: ஐகியா கடையில் பிரித்துப்போட்ட பலகைகளாக வாங்கி வந்தாலும், ‘டேபிள் வாங்கினேன்’ என்றுதானே சொல்கிறோம்?

ஆனால், எல்லா முடிக்காத ஃபிரேமும் துப்பாக்கிதான் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இன்னும் நிறைய வேலை பாக்கியிருக்கும் துண்டு வெளியே நிற்கலாம். கோடு எங்கே என்பது பொருளுக்குப் பொருள் மாறும். சொந்தமாகத் துப்பாக்கி செய்துகொள்வதையும் மத்திய சட்டம் அடியோடு தடுக்கவில்லை. இன்னொரு பக்கம், கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் நம்பர் இல்லாத ஃபிரேமையே குற்றமாக்கிவிட்டன. டெக்சாஸில் பிரச்னையில்லை என்று வாங்கியவர், வேலை கிடைத்து கலிபோர்னியாவுக்கு வீடு மாறினால், அட்டைப்பெட்டியில் ஒரு வழக்கையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்.

இவ்வளவும் படித்துவிட்டு, தம்பிக்கு ‘சில கிட் துப்பாக்கி, சில இல்லை’ என்று டைப் செய்தேன். அனுப்புவதற்கு முன்னால் ஏதோ உறுத்தியது. இவ்வளவு நேரம் அந்தப் பொருள் என்னவென்றே பார்த்துக்கொண்டிருக்கிறேனே, வாங்குகிறவன் யார் என்று பார்த்தேனா?

பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

மாணவர் விசாவான எஃப்-1, வேலை விசாவான ஹெச்-1பி ஆகியவற்றில் இருப்பவர்கள் அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் தற்காலிகமாக வந்தவர்கள். இவர்கள் துப்பாக்கியோ, ஒரே ஒரு தோட்டாவோகூட வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை இல்லையென்றால் 15 ஆண்டுகள்வரை சிறை. நாடு கடத்தலுக்கும் இது காரணமாகலாம். கடையில் தருகிற ஃபார்மிலேயே விசா பற்றிய கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகத்தான் நண்பன் குறுக்குவழி சொல்லியிருக்கிறான். ஃபார்ம் இல்லாவிட்டாலும் தடை அப்படியேதான் இருக்கும். மீதி வேலையைத் தம்பி முடிக்கிற நிமிடத்தில், ‘80 சதவிகிதம்’ என்ற வாதமும் முடிந்துவிடும்.

இன்னொரு வழக்கும் கண்ணில் பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குப் படிக்கப் போன மாணவர். மார்க் குறைந்து பல்கலைக்கழகம் வெளியேற்றியது. விசா அந்தஸ்தும் போயிற்று. அதன்பின் துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்துக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார். 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். தன் விசா நிலை அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்த தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால், அதுவரை அவர் அலைந்த அலைச்சல்? வார இறுதியில் ‘ஷூட்டிங் ரேஞ்ச்’ போய் இன்ஸ்டாவில் போட்டோ போடும் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

‘ஊருக்கு எடுத்து வந்துவிடலாம்’ என்றும் யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊரின் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது.

தம்பிக்குத் திரும்பக் கூப்பிட்டேன்.

‘‘டேய், அது துப்பாக்கியா இல்லையாங்கிறது உனக்கு வேண்டாத கேள்வி. உன் பாஸ்போர்ட்ல என்ன விசா ஒட்டியிருக்கு, அதைப் பாரு.’’

எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டான்: ‘‘சரிக்கா. அப்போ நான் பயந்துகிட்டே நடக்கணுமா?’’

அதற்கு எந்தத் தீர்ப்பிலும் பதில் இல்லை. சட்டம் பேசியே அவனைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று நினைத்த என் மீது எனக்கே கோபம் வந்தது. பயந்துபோன பிள்ளைக்கு, ‘செய்யாதே’ என்பது பாதி பதில்தானே?

மீதியை இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். இரவில் மாணவர்களை வீடுவரை கொண்டுபோய் விடும் வசதி அவன் பல்கலைக்கழகத்திலேயே இருந்தது. இரண்டு வருடமாக அவனுக்குத் தெரியவில்லை. லைப்ரரி நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொண்டான். ரூம்மேட்டை வற்புறுத்தி போலீஸில் புகார் கொடுக்க வைத்தான். பார்க்கிங்கில் எரியாத விளக்குகளைப் பற்றி ஐந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மேனேஜ்மென்ட்டுக்கு மெயில் அனுப்பினார்கள். மூன்று விளக்குகளில் இரண்டு எரிகின்றனவாம்.

இப்போதும் லேட்டாகும் நாள்களில் பார்க்கிங்கில் இறங்கியதும் எனக்குக் கூப்பிடுகிறான். இங்கே காலை பத்து, பத்தரை இருக்கும். கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்போம்.

பெரியம்மாவுக்கு இதுவரை எதுவும் தெரியாது. இதைப் படித்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். வரட்டும்.