தோல் வளர்க்கும் எசிட்

ஸ்கிராம்ப்ளர் ஓட்டுகிறவர்களிடம் கலர் பாகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப்பேர் "பெயிண்ட்தானே?" என்பார்கள். இல்லை. எண்ணெய் மூடி, செயின் அட்ஜஸ்டர், ஹேண்டல் கிளாம்ப் என்று மோட்டார் கடையில் சிவப்பும் நீலமுமாகத் தொங்கும் அலுமினியத் துண்டுகளில் பெயிண்ட் கிடையாது. நகத்தால் சுரண்டினால் உரியாது. நிறம் உலோகத்தின் தோலுக்குள் இருக்கிறது. அந்தத் தோலை அமிலத்தில் வைத்து, மின்சாரம் பாய்ச்சி வளர்த்தெடுக்க வேண்டும். அதற்குத்தான் அனோடைசிங் என்று பெயர்.

இது மோட்டார் பையன்கள் கண்டுபிடித்த வேலையல்ல. 1923-இல் பிரிட்டனில், கடல் விமானங்களின் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காப்பதற்காகத் தொழில்முறையில் தொடங்கியது. அப்போது குரோமிக் அமிலம். 1927-இல் கந்தக அமில முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்று உலகில் பெரும்பாலும் நடப்பது அதுதான். முதலில் வந்தது பாதுகாப்பு. நிறம் பிறகு சேர்ந்துகொண்டது.

நான் இதை வீட்டின் பின்கட்டில் செய்கிறேன். பழைய கேஎல்எக்ஸ் 150 ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிறுகளில் செம்பனைத் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்டுவேன். அதன் சின்னச் சின்ன பாகங்களைக் கழற்றி, கோஸ்டிக் சோடாவில் கழுவி, அலுமினியக் கம்பியில் கட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் தொங்கவிடுவேன். பாகத்துக்கு மின்சாரத்தின் பாசிட்டிவ் முனை, எதிரே நிற்கும் ஈயத்தகட்டுக்கு நெகட்டிவ். பாகத்தின் பரப்பளவில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஏறக்குறைய 1.3 ஆம்பியர், ஒரு மணி நேரம். மேலே சுமார் 25 மைக்ரான் தடிமனுக்கு ஆக்சைடு வளரும். அதில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் கோடிக்கணக்கில் இருக்கும். வெதுவெதுப்பான சாயத் தண்ணீரில் போட்டால் நிறம் அந்தக் குழிகளுக்குள் இறங்கிக்கொள்ளும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் குழிகளின் வாய் மூடிவிடும்.

அமிலம் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் தோல் வளர வளர அமிலமே அதைக் கரைத்துவிடும். தொட்டால் சுண்ணாம்பு போல உதிரும். நம்மூர் சூட்டில் அதுதான் பெரிய தொல்லை. தண்ணீர் போத்தல்களைப் ஃப்ரீசரில் உறைய வைத்து, தொட்டியைச் சுற்றி அடுக்கி, ராத்திரியில்தான் வேலை செய்வேன்.

அப்படியொரு ராத்திரிதான் அப்பா பின்வாசலில் வந்து நின்றார்.

"மண்ணுல ஓடற வண்டிக்கு எதுக்குடா கலரு?"

அவர் முதலில் கேட்டது அதைத்தான். நான் பதில் சொல்வதற்குள் தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"எசிட்டத் தண்ணியில ஊத்துனியா, தண்ணிய எசிட்டுல ஊத்துனியா?"

"எசிட்டத்தான்பா தண்ணியில ஊத்துனேன்."

"ம். மாத்தி ஊத்துனா மூஞ்சியில தெறிக்கும்."

அப்பா பள்ளிக்கூடத்தில் வேதியியல் படித்தவரல்ல. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் 22 வருடம் வேலை செய்தவர். வெட்டிய பால் தொட்டிக்கு வந்ததும் அதில் ஃபார்மிக் அமிலத்தைக் கலந்து உறைய வைப்பது அவர் பொறுப்பு. தோட்டம் கைமாறி நாங்கள் தாமானுக்கு வந்தபிறகும் அவர் விரல் நுனிகள் வெளுத்து, வெடித்தே இருந்தன. சின்ன வயதில் அவர் தலையைத் தடவினால் முடி அந்த வெடிப்புகளில் சிக்கும்.

"இது வாசமே இல்லியே. ஸ்டோர் எசிட் மூக்கப் புடுங்கும்" என்றார். பிறகு, "கரண்டு விடாம இதுல போட்டா?"

"கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுடும்பா. கரண்டு இருந்தாத்தான் தோல் வளரும்."

அவர் தலையாட்டினார். அடுத்த பாகத்தை எடுத்துத் தர கை நீட்டினார். நான் தடுத்து, ஒரு ஜோடி ரப்பர் கையுறையை நீட்டினேன்.

"எனக்கெதுக்கு? பழகுன கைதானே."

"அதுக்கில்லப்பா. வெறுங்கையால தொட்டா விரல் எண்ணெய் பட்ட எடத்துல கலர் ஏறாது. ரேகை அப்படியே தெரியும்."

"ஓ... சாமானுக்கு அழுக்குப் படாம இருக்கவா."

கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு இது?"

"பன்னெண்டு வெள்ளி."

"அவ்ளோதானா."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. உலகிலேயே அதிகமாக ரப்பர் கையுறை தயாரிக்கிற நாடு நம்முடையது. 22 வருடம் ரப்பரை உறைய வைத்தவருக்குத் தோட்டத்து நிர்வாகம் ஒரு ஜோடி தரவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. அலுமினியத் துண்டுக்குக் கிடைக்கிற மரியாதை அவ்வளவு சல்லிசான விலையில் வருவது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் கேட்ட முதல் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் உண்டு. மண்ணில் ஓடுகிற வண்டிக்குக் கலர் தேவையில்லைதான். நம் வெயிலுக்குச் சாயம் நிற்காது. சிவப்பு சில வருடத்தில் வெளிறிப்போகும். ஆனால் நிறம் போனாலும் தோல் போகாது. அடியிலிருக்கும் அலுமினியத்தைவிட அது பல மடங்கு கடினம். மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள், மின்சாரம் பாயாது. நிறம் சீராக ஏறியிருக்கிறது என்றால் தோல் ஒழுங்காக வளர்ந்திருக்கிறது என்று பொருள். எனக்கு நிறம் அந்த அளவுக்குத்தான் முக்கியம்.

அன்று எண்ணெய் மூடி சாயத் தொட்டியிலிருந்து நீலமாக வெளியே வந்தது. "மயில்கழுத்துக் கலரு" என்றார் அப்பா. கம்பி பிடித்திருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. அது ஒவ்வொன்றிலும் இருக்கும், தவிர்க்க முடியாது என்றேன். "பரவால்ல, உள்பக்கமாப் புடிச்சா வெளிய தெரியாது" என்று அடுத்ததை அவரே கட்டினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே என்ன பாகம் கழற்றப் போகிறேன் என்று விசாரிக்கிறார். பின்கட்டு ஆணியில் இரண்டு ஜோடி கையுறை தொங்குகிறது. அவருடையது ஓர் அளவு பெரியது. அவர் விரல்கள் சரியாக மடங்குவதில்லை.