கண்மாய் நிறைந்த சேதி

எங்கள் குன்றாண்டார்கோவிலில் பல்லவர் காலக் குடைவரைக்கு முன்னால் நிற்கும் நூற்றுக்கால் மண்டபம் ஒரு கல் தேர். குதிரைகளும் கல், சக்கரங்களும் கல். வெயில் தாழ்ந்த பிறகு அந்தச் சக்கரத்தோரம் உட்கார்ந்துதான் அப்பா எங்கள் பயணத்துக்குத் திட்டம் போட்டார். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். விடிகாலை பஸ்ஸில் புதுக்கோட்டை. திருமயம் வழியாகத் திருப்பத்தூர். அங்கிருந்து மதுரை வண்டி ஏறி, வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கும் கொள்ளுகுடிப்பட்டியில் இறங்க வேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அரையாண்டு லீவில் போகலாம் என்று நாளைக்கூடக் குறித்து வைத்திருந்தேன்.

“லீவு நமக்குத்தான்டா. பறவைக்குக் கம்மா நெறையணும்” என்றார் அப்பா.

சித்தப்பா அந்தத் தடத்தில் கண்டக்டர். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே நான் கண்மாயைப் பற்றிக் கேட்டுவிடுவேன். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. “தரை தெரியுதுண்ணே” என்று அவர் சொன்னதும் அப்பா தாளை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார். நான் அழுதேன். அப்பாயிதான் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “வர்ற விருந்தாளிக்கே தண்ணி இல்லாத வீட்டுக்கு நீ எதுக்குய்யா போற?” என்றாள்.

மறு வருஷம் ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊர்க் குளமே மறுகால் போனது. நனைந்த சட்டையோடு வந்து நின்ற சித்தப்பா, “கம்மா தளும்பி நிக்குதுண்ணே. மரம் பூரா வெள்ளையாத் தெரியுது” என்றார். பஞ்சாங்கத்திலிருந்து தாள் வெளியே வந்தது. அப்பா கீழே சில வரிகள் சேர்த்தார்: பளிச்சென்ற சட்டை வேண்டாம், டிரான்சிஸ்டர் வேண்டாம், கரையில் சத்தம் கூடாது. அம்மா வாழையிலையில் புளிச்சோறு கட்டித் தூக்குவாளியில் வைத்தாள்.

கரையேறியதும் முதலில் காதில் விழுந்தது இரைச்சல்தான். நூறு வீட்டில் ஒரே நேரத்தில் சட்டி உருட்டுவதுபோல. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா என்று அப்பா மெதுவாகக் காட்டிக்கொண்டே வந்தார். பக்கத்து மரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை. அலகை மூடிய பிறகும் நடுவில் வெளிச்சம் தெரியும்படி இடைவெளி. சேற்று நத்தையைப் பிடிக்கத் தோதான அலகு. கீழே வாய் பிளந்து கத்திய குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் அது விழும் என்று அப்பா சொன்னார். அதைக் கேட்டதும் குஞ்சுகள் என் வயதுப் பிள்ளைகளாகத் தெரிந்தன.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1977-இல். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி என மூன்று கண்மாய்கள். எல்லாம் சேர்த்தே 38 ஹெக்டேர் சொச்சம்தான். ஆனால் ஊர்க் கட்டுப்பாடு அதற்கும் மூத்தது என்றார் அவர். கோயில் திருவிழா, கல்யாணம் எதற்கும் வேட்டு கிடையாது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாயும் வயலுக்குத் தனி உரம் போட்டதுபோல என்றும் சொன்னார்.

“தீபாவளிக்குமா தாத்தா?”

“பிள்ளைத்தாச்சி இருக்குற வீட்டு வாசல்ல வேட்டுப் போடுவமா தம்பி?”

நான் கூடுகளைப் பார்த்தேன். தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சம் வைத்திருந்த பட்டாசு ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் மலைப்பாறையில் வெடித்தால் எதிரொலிக்கும் என்று எடுத்துவைத்தது. ஊர் திரும்பி அதை வெடிக்கவில்லை. கல்தேர் மண்டபத்தில் புறாக்கள் அடைவதை அன்றைக்குப் பிறகுதான் கவனித்தேன்.

அப்பா இப்போது இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, “கம்மா நெறஞ்சிருச்சா?” என்று கேட்கிறேன். அவர் விசாரித்துச் சொன்ன பிறகுதான் என் மகளோடு உட்கார்ந்து நாட்காட்டியைப் புரட்டுகிறேன்.