எத்தனை தலையணை?



சில வாரங்களாக இந்தத் தியானப் பகுதி ஏன் வெளிவரவில்லை என்று உங்களில் பலர் கேட்டீர்கள். "உடல்நலக் குறைவு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அது பாதி உண்மை. மீதியை இன்று எழுதிவிடுகிறேன்.

தை மாதத்திலிருந்தே இரவில் மல்லாந்து படுத்தால் எனக்கு மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். படுத்தபடி மூச்சை உள்ளிழுக்கையில், உலைநீர் கொதிக்கத் தொடங்குவது போன்ற மெல்லிய சலசலப்பு நெஞ்சுக்குள் கேட்கும். பகலில் ஒன்றுமே இராது. இரண்டு ஆராதனைகளிலும் வழக்கம்போல் பிரசங்கித்தேன். ஆகவே காரணங்களை நானே கற்பித்துக்கொண்டேன். தாமதமாக உண்பதால் வாயு என்றேன். பிறகு தூசி என்றேன். திருச்சி சாலையும் சேலம் சாலையும் பிரிகிற உளுந்தூர்பேட்டையில் எந்த இருமலுக்கும் பழி சுமக்கத் தூசி ஆயத்தமாகவே இருக்கிறது அல்லவா? ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று, கடைசியில் சாய்வு நாற்காலிக்கே போய்விட்டேன். "ஏன் எழுந்துவிட்டீர்கள்?" என்று மனைவி கேட்டபோது, "ஜெபிக்க" என்றேன். ஜெபித்ததும் உண்மைதான்.

வைத்தியரிடம் போக மனமில்லாதவர்கள் ஆசா ராஜாவை மேற்கோள் காட்டுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கால்களில் நோய் கண்டபோது அவன் கர்த்தரை விட்டுப் பரிகாரிகளைத் தேடினான் என்று 2 நாளாகமம் 16ஆம் அதிகாரம் குறை கூறுகிறது. ஆனால் அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். சீரியாவின் ராஜாவை நம்பியவனும், தன்னைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தவனும் அவனே. கடிந்துகொள்ளப்படுவது அந்த மனக்கடினம், மருத்துவம் அன்று. எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடை வைக்கச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசிதான். இவற்றையெல்லாம் உங்களுக்கு நானே போதித்திருக்கிறேன். எனினும் அந்த இரவுகளில் என்னை நாற்காலியில் நிறுத்தி வைத்தது விசுவாசமன்று, பயம். விடை என்னவாக இருக்குமோ என்ற பயம்.

ஒரு நாள் விடியற்காலை இரண்டு மணிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தை மனைவி பார்த்துவிட்டாள். அதன்பின் என் காரணங்கள் செல்லவில்லை. மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர், மார்பில் குழாயை வைக்குமுன்பே கேட்டார்: "ஐயா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" நான் திகைத்துப்போனேன். இரண்டு மாதமாக எவரிடமும் சொல்லாததை அவர் எப்படி அறிந்தார்?

அவர் விளக்கியதை என்னால் இயன்றவரை சொல்கிறேன். நாம் நிற்கும்போது இரத்தத்தில் ஒரு பங்கு கால்களிலும் வயிற்றிலும் தங்குகிறது. படுத்தவுடன் அது மார்புக்குத் திரும்புகிறது. கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை இருக்கலாம். பலமுள்ள இருதயம் அதை ஏற்று முன்னே தள்ளிவிடும். தளர்ந்த இருதயத்தால் முடியாதபோது பின்னே நுரையீரலில் அழுத்தம் கூடி, காற்றறைகளில் நீர் கசிகிறது. நான் கேட்ட சலசலப்பு அதுவே. உட்கார்ந்தால் இரத்தம் மறுபடி கீழே இறங்குவதால் மூச்சு எளிதாகிறது. 1816இல் பிரான்சு தேசத்து மருத்துவர் லாயெனெக், ஒரு பெண்ணின் மார்பில் காது வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார். ஸ்டெதஸ்கோப்பு அந்தக் கூச்சத்திலிருந்து பிறந்தது. நுரையீரலின் இத்தகைய ஒலிகளை வகைப்படுத்தி எழுதியவரும் அவரே.

என் கதையில் புதுமை ஒன்றுமில்லை. இரத்த அழுத்த மாத்திரையை நினைத்தபோது விழுங்கி, நினையாதபோது விட்டவன் நான். எக்கோ பரிசோதனை செய்தார்கள்; நீர் பிரிவதற்கு மாத்திரை தந்தார்கள்; உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நான்காம் இரவு ஒரே தலையணையில் உறங்கினேன்.

ஐந்தாம் இரவு உறக்கம் வரவில்லை. மூச்சு முட்டியதால் அன்று. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் நம் சபைத் தாயார் ஒருவர் என்னிடம், "படுத்தால் நெஞ்சை அடைக்கிறது ஐயா, ஜெபியுங்கள்" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. நான் அவர் தலைமேல் கைவைத்து, சமாதானமான நித்திரைக்காக ஜெபித்து அனுப்பிவிட்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். எத்தனை தலையணை என்று கேட்டேன். "தலையணையா? ராத்திரியெல்லாம் சுவரிலே சாய்ந்துதான் ஐயா உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. அன்றே அவர் மகளோடு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதாம். சிறுவயதில் தொண்டை வலியும், அதன்பின் காய்ச்சலோடு மூட்டு வீக்கமும் வந்ததுண்டா என்று மருத்துவர் வினவினார். ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்ததைத் தாயார் சொன்னார். அந்த வாதக் காய்ச்சல் வால்வில் விட்டுச்சென்ற வடு, பல ஆண்டுகள் கழித்து இப்படி மூச்சில் வெளிப்படுமாம். பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் சிகிச்சை இவருக்கு ஏற்குமா என்று பார்க்கிறார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் ஜெபித்தீர்களே ஐயா" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இப்போதெல்லாம் வீடு சந்திப்புக்கு வரும்போது, ஜெபத்துக்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: எத்தனை தலையணை, கால் வீங்குகிறதா? "நம்ம ஐயா டாக்டராகிவிட்டார்" என்று வாலிபர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உங்கள் வீட்டிலும் கேட்பேன். நான் என் மனைவியிடம் சொன்னதுபோல் என்னிடம் சொல்லாதீர்கள்.