பழி என் காலுக்கு!

கார் ஓட்டத் தெரிந்த பெண்களுக்கு ஒரு விசேஷ பாக்கியம் உண்டு. வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் பழி நேராக நம்மிடம் வந்து சேரும். டயர் தேய்ந்தால் நாம். பெட்ரோல் அதிகம் குடித்தால் நாம். ஹாரன் அடிக்காமல் போனால்கூட நாம்தான்! உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால், உங்கள் வீட்டுக்காரருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

எங்களிடம் ஒரு மாருதி 800 இருந்தது. 1983-ல் நம் சாலைகளுக்கு வந்து, 2014-ல் தயாரிப்பு நின்று போன அந்தச் சின்ன வண்டியேதான். பல வருஷம் ஒரு குறையும் வைக்காமல் உழைத்தது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, கோட்டூர்புரத்தில் எங்கள் வாசலில் இரண்டு நாள் சக்கரம் முழுகத் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் சீட்டை வெயிலில் காய வைத்தோம். எஞ்சின் ஆயிலை மாற்றினோம். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜைகூடப் போட்டோம். பிரேக்கைப் பற்றி மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மிதித்தால் வண்டி நிற்கிறதே, அது போதாதா என்று இருந்துவிட்டோம். பிடிப்பது மட்டுமல்ல, காலை எடுத்ததும் விடுவதும் பிரேக்கின் வேலைதான் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் சென்றிருக்கும். வண்டி இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. பெட்ரோல் செலவு ஏறியது. எங்கள் தெரு முனைச் சரிவில் கியரை எடுத்துவிட்டால் தானாக உருளும் வண்டி, அசைய மறுத்தது.

"நீ பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டுகிறாய். வேறென்ன?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர்.

ஒரு பட்டறையில் விட்டோம். முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் மாட்டிப் பில்லை நீட்டினார்கள். "பார், உன் காலுக்கு நான் கட்டிய அபராதம்!" என்று அந்தப் பில்லை அவர் என்னிடம் காட்டினார். எனக்கு முணுக்கென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றைக்குச் சாவியை ஆணியில் மாட்டியவள்தான், பிறகு தொடவில்லை.

2016 ஏப்ரலில் எங்கள் பெண்ணுக்கு வளைகாப்பு. வேலூரில் சம்பந்தி வீட்டில் விசேஷத்தை முடித்துக்கொண்டு, அவளைப் பிரசவத்துக்குச் சென்னைக்கு அழைத்துவர வேண்டும். முதல் நாளே வளையல் பெட்டியும் பட்சணமுமாகக் கிளம்பினோம். ஓட்டியவர் அவர். என் கால் பிரேக்கின் பக்கத்திலேயே இல்லை. இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும்!

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ஒரு தீய்ந்த வாசனை.

"என்னங்க, ஏதோ தீயற வாசனை வருதே?"

"முன்னாலே போற லாரிப் புகை. பேசாமல் வா."

அடுப்பில் சோறு அடிப்பிடிப்பதைக் கூடத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு இது. லாரிப் புகை தெரியாதா? வற்புறுத்தி நிறுத்தச் சொன்னேன். நல்ல வேளையாகச் சாலையோரத்தில் ஒரு கொட்டகை. அதில் வெள்ளைத் தாடியுடன் ஒரு மெக்கானிக் பாய்.

அவர் எதையும் கழற்றவில்லை. நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். தொடவில்லை, தொட்டால் கை வெந்துவிடும். முன்புறத்து இடது சக்கரத்தருகே வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நானும் நீட்டிப் பார்த்தேன். அம்மாடி! காய்ந்த தோசைக்கல்லேதான்! தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்மா, சூட்டிலே ஊத்தினா டிஸ்க் கோணிப் போகும்" என்று தடுத்தார்.

"எங்க வீட்டு அம்மா பிரேக்கிலே காலை வெச்சே ஓட்டுவாங்க, பாய்" என்று இவர் ஆரம்பித்தார்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "சார், காலை வெச்சு ஓட்டினா ரெண்டு பக்கமும் இல்லே சூடாகும்? ஒரு சக்கரம் மட்டும் எப்படிக் காயும்?"

பல வாரமாக எனக்குத் தோன்றாத பதில்! அந்த மனிதருக்கு ஒரு தட்டு பட்சணத்தை அங்கேயே எடுத்துக் கொடுத்தேன்.

சூடு ஆறியதும் பின் சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டும் வைத்தார். சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை. பிறகு பிரேக் எண்ணெயை வெளியே விடும் சின்னத் திருகைத் தளர்த்தினார். அதுதான் பரீட்சையாம். எண்ணெய் கொஞ்சம் வெளியேறியதும் சக்கரம் விட்டுக்கொடுத்தால், எண்ணெயின் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது; ரப்பர்க் குழாயையோ மாஸ்டர் சிலிண்டரையோ சந்தேகிக்க வேண்டும். எங்கள் சக்கரம் அப்போதும் முரண்டு பிடித்தது. ஆகவே கோளாறு சக்கரத்தருகிலேயே, இரும்பு இரும்போடு ஒட்டிக்கொண்ட இடத்தில்!

கழற்றிக் காட்டினார். சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு புறமும் இரண்டு பேடுகள் கவ்வுகின்றன. அவற்றைத் தாங்கும் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். பின்களை மூடும் ரப்பர் உறை வெடித்திருந்தது; உள்ளே தண்ணீர் புகுந்து செங்கல் பொடி மாதிரித் துரு! காலிப்பர் நகராததால் பேடு தட்டை விடவே இல்லை. சில வாரத்துக்கு முன் மாட்டிய புதுப் பேடில், உள்பக்கத்தது வெற்றிலை போலத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்தது கனமாக அப்படியே இருந்தது. பேடை மாற்றியவர்கள், அது ஏன் தேய்ந்தது என்று பார்க்கவில்லை.

"இப்படியே போயிருந்தா என்ன ஆகும்?" என்றேன்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்குமாம், மழைக்காலத்து உப்பு ஜாடி போல. நம் வண்டிகளில் ஊற்றும் டாட் 3 எண்ணெய், புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதோ 140-லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அழுத்தினால் அது அமுங்கும், பிரேக்கைத் தள்ளாது. பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் இதே வண்டியில், ஏழு மாதக் கர்ப்பிணியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அல்லவா திரும்புவதாக இருந்தோம்!

பையனை அனுப்பிச் சாமான் வாங்கி வரச் செய்தார். புதுப் பின், புது உறை, இரண்டு முன் சக்கரங்களுக்கும் ஜோடியாகப் புதுப் பேட். பின்களுக்குப் போடுவது சாதாரண கிரீஸ் அல்ல. அது ரப்பரை உப்ப வைத்துவிடுமாம். பிரேக்குக்கென்றே இருக்கும் கிரீஸைத் தடவினார். கடைசியில் பழைய எண்ணெயை வெளியேற்ற ஓர் ஆள் பெடலை மிதிக்க வேண்டும்.

"அம்மா, நீங்க வந்து பிரேக்கிலே காலை வைங்க!"

என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தேன். "அமுக்குங்க... பிடிச்சுக்குங்க... இப்போ விடுங்க!" காப்பி டிகாக்ஷன் போல வந்த எண்ணெய், போகப் போகத் தெளிந்தது. சக்கரத்தைச் சுற்றினார், தடையில்லாமல் சுற்றியது.

மறுநாள் வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது, இவர் சாவியை என்னிடம் நீட்டினார். "நீயே ஓட்டேன்." அவ்வளவுதான். அந்த வம்சத்தில் மன்னிப்பை அப்படித்தான் கேட்பார்கள்! பின் சீட்டில் வளையல் கலகலக்கப் பெண் தூங்க, சென்னை வரை நான்தான் ஓட்டினேன். வழியில் நிறுத்திய இடத்திலெல்லாம் நான்கு சக்கரத்துக்கும் புறங்கையை நீட்டிப் பார்த்தேன்.

நீங்களும் நீண்ட பிரயாணத்தில் அப்படிப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகக் காய்ந்தால், வண்டி ஒரு பக்கம் இழுத்தால், தீய்ந்த வாசனை வந்தால், அடுத்த ஊர் வரை என்று தள்ளிப்போடாதீர்கள். பிரேக் எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால், பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வண்டி இப்போது எங்களிடம் இல்லை. புது வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால், என் வீட்டுக்காரரின் கண் முதலில் என் காலுக்குத்தான் போகிறது. ஆனால் வாய் மட்டும் திறப்பதில்லை!