சிறுவர் நெய்த நூல்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இரு பொருள் தரும். தறியில் ஓடுவதும் நூல். ஏட்டில் எழுதுவதும் நூல். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உவமித்துக் காட்டுவார். காஞ்சிபுரத்து மாணவர்க்கு இவ்வுவமையை விளக்குதல் எளிது. பாவு, ஊடை, நாடா, சரிகை என்பன அவர்கள் வீட்டுப் பேச்சில் நாள்தோறும் புரளும் சொற்கள். ஆயினும், 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதுமாறு அதே மாணவரிடம் சொல்லிப் பாருங்கள்! "காஞ்சிபுரம் ஒரு கோயில் நகரம். இங்குப் பல கோயில்கள் உள்ளன. இவ்வூர் பட்டுக்குப் பெயர் பெற்றது" என மூன்று வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவர்.

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எழுதப் பொருள் இல்லையா? பொருள் மிகுதியாக உண்டு, படிப்பவர்தாம் இல்லை. கட்டுரை ஏட்டைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவரோ அதில் உள்ளவற்றை முன்பே அறிந்தவர். கையில் சிவப்பு மையோடு அமர்ந்திருப்பவர். அறிந்தவரிடமே அறிந்ததைச் சொல்ல யாருக்கு மனம் எழும்?

இக்குறைக்கு மருந்து தேடியபோதுதான் இணையத்தில் கதைப்புத்தகம் ஆக்கும் வழியொன்றைக் கண்டேன். பெங்களூரில் 2004 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'பிரதம் புக்ஸ்' என்னும் அறநிறுவனம், 2015 செப்டம்பர் 8 ஆம் நாள், உலக எழுத்தறிவு நாளன்று, 'ஸ்டோரிவீவர்' என்னும் தளத்தைத் திறந்தது. கதை நெய்பவர் என்பது அப்பெயரின் பொருள். "நம் ஊரை எண்ணித்தான் அப்படிப் பெயர் வைத்தார்களா, ஐயா?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். இன்று முந்நூறுக்கு மேற்பட்ட மொழிகளில் அங்குச் சிறுவர் கதைகள் உள்ளன. எவரும் அவற்றை விலையின்றிப் படிக்கலாம், அச்சிடலாம், தம் மொழியில் பெயர்க்கலாம். ஆக்கியோர் பெயரை மறவாது குறிப்பிடவேண்டும் என்பதே நிபந்தனை.

புதிய கதை எழுத விரும்புவோர்க்கும் அங்கு இடம் உண்டு. ஓவியர்கள் வரைந்த படங்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு படத்தைத் தேர்ந்து பக்கத்தில் வைத்து, அதன் கீழே இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுதவேண்டும். பக்கங்கள் நிறைந்ததும் அட்டையும் பெயரும் சேர்ந்து ஒரு புத்தகம் உருவாகிவிடும். வெற்றுத் தாளைக் கண்டு அஞ்சும் பிள்ளை, படத்தைக் கண்டால் அஞ்சுவதில்லை. ஒரு யானைப் படத்தைப் பார்த்ததும், வரதராசப் பெருமாள் கோயில் யானையைப் பற்றி எங்கள் வகுப்பில் ஆறு பேர் ஆறு விதமாகப் பேசத் தொடங்கினர். பேசியதை எழுதுங்கள் என்றேன், எழுதினர்.

கருவி புதியதே தவிர, கருத்துப் பழையது. பிரான்சு நாட்டின் தென்பகுதியில், பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில், செலெஸ்தேன் ஃபிரெனே என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர்; ஆதலின் வகுப்பில் நெடுநேரம் பேச இயலாதவர். 1920-களில் அவர் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். மாணவர்கள் வெளியே உலாவிக் கண்டதை எழுதி, அச்செழுத்துகளைத் தாமே கோத்து அச்சிட்டு, தொலைவிலிருந்த மற்றொரு பள்ளிக்கு அனுப்பினர். அங்கிருந்தும் ஏடுகள் வந்தன. நம் நாட்டுப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்கள் இதே இன்பத்தை அறிந்தவர்களே. கையெழுத்துப் பத்திரிகையின் ஒரே படி கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோகும். இணையத்தில் இருப்பது கிழிவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

இதில் இடர் இல்லாமலும் இல்லை. படம் தேடுவதிலேயே பாடவேளை முழுதும் கழிந்துவிடும். ஆகவே முதலில் ஏட்டில் எழுதவேண்டும், பிழை களையவேண்டும், வீட்டில் உரக்கப் படித்துக் காட்டவேண்டும், அதன் பின்னரே கணினி என்று விதி வகுத்தேன். மாணவர் முழுப் பெயரையோ நிழற்படத்தையோ வெளியிடுவதில்லை. இக்காலத்தில் ஒரு சொல் சொன்னால் கதை முழுதையும் தானே எழுதித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றை இவ்வேலைக்கு நான் அனுமதிப்பதில்லை. விசைத்தறியில் ஓடிய துணியைக் கைத்தறிப் பட்டு என்று விற்றால் எங்கள் ஊரார் பொறுப்பார்களா? பிள்ளை எழுதிய கோணல் வாக்கியம், பிறர் எழுதித் தந்த நேரான வாக்கியத்தினும் எனக்கு உயர்ந்ததே.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'பாட்டியின் இடம்' என்று ஒரு கதை எழுதினாள். அதைப் புரிந்துகொள்ளக் கோர்வை நெசவைச் சிறிது அறியவேண்டும். சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக நெய்து, இரண்டையும் இழைக்கு இழை கோத்து இணைப்பது கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். குழித்தறியில் அமர்ந்த ஒருவரால் இரு கரைக்கும் கை நீட்ட இயலாது. ஆதலின் ஒரு பக்கத்துக் கரை நாடாவை விட மற்றொருவர் அருகில் அமர்வர். முற்காலத்தில் அவ்விடத்தில் அமர்ந்தவர் பெரும்பாலும் சிறுவர். சிறுமியின் பாட்டியும் அவ்வாறு அமர்ந்தவரே. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியை உரிமையாக்கிய 2009 ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்தில் இல்லை. அவர் பள்ளியின் வாயிலை மிதித்ததே இல்லை.

சிறுமி தளத்திலிருந்த படங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாட்டி அமர்ந்த தறியைத் தானே வரைந்து ஏற்றினாள். எழுதியதை முதலில் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். எழுத்தறியாத அம்மூதாட்டியார் இரண்டு திருத்தங்கள் சொன்னார்: அன்று நெய்த சேலையின் கரை சிவப்பு அன்று, அரக்கு, தறி இருந்த அறையில் அப்போது விளக்கு ஒன்றுதான். மறுநாள் இரண்டையும் திருத்திக்கொண்டு வந்தாள். என் சிவப்பு மை செய்யாத வேலை அது.

புத்தகம் வெளியாகிச் சில நாள் கழிந்தன. தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் என் நண்பர் ஆசிரியராக இருக்கிறார். அவர் தம் மாணவர்க்கு அக்கதையைப் படித்துக் காட்டினாராம். அவர்கள் அனுப்பிய கடிதத்தில், கோர்வை என்பது வலை பின்னுவதைப் போன்றதா என ஒருவன் கேட்டிருந்தான். மற்றொருத்தியின் கேள்வி ஒரே வரி: "பகலெல்லாம் நாடா விட்ட அந்தப் பாட்டிக்குக் கை வலிக்காதா?"

கதை எழுதியவள் கடிதத்தை இருமுறை படித்தாள். "இதை நான் பாட்டியிடம் கேட்டதே இல்லையே, ஐயா" என்றாள். அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். மறுநாட்காலை, மணி அடிக்கும் முன்பே, ஏட்டில் ஐந்து பக்கம் எழுதி எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தாள்.