மீன் கடையில் எங்கள் சைவத் தோழி

தூத்துக்குடியில் மீன் சாப்பாட்டிற்குப் பெயர்பெற்ற உணவகம் ஒன்றிற்குத் தோழியர் அறுவர் சென்றோம். எங்களுள் ஒருத்தி சைவம். தவக்கால வெள்ளிகளில் இறைச்சியை விலக்கும் எங்கள் வீடுகளில் மீனுக்குத் தடையில்லை. அவளுக்கோ மீனும் இறைச்சியே!

“துண்டு போடாமல் குழம்பு மட்டும் ஊற்றட்டுமா?” என்றார் பரிமாறுபவர், மிகுந்த அன்போடு. அவள் தயங்கி, “அப்பளம் எந்த எண்ணெயில் பொரித்தது, அண்ணாச்சி?” என்றாள். சீலா மீன் பொரித்த எண்ணெய்தான். அவள் வெறும் மோர்ச்சோறு உண்ண, நாங்கள் விருந்துண்பதா? எங்களுக்குக் கை இலைக்குப் போகவில்லை.

அண்ணாச்சி முகம் சுளிக்காமல் உள்ளே சென்றார். வேறு சட்டி, புது எண்ணெய், சுடச்சுட நான்கு அப்பளம்! ரசத்திற்கும் தனிக் கரண்டி வந்தது. பிறகுதான் நாங்கள் இறாலைத் தொட்டோம்.

“கடலிலிருந்து நீ ஒன்றுமே சாப்பிடவில்லையே!” என்று கேலி செய்தோம்.

“ரசத்தில் உப்பு இல்லையா?” என்றாள். உப்பளக் கணக்கரின் மகளாயிற்றே!