மீண்டும் கேமரன் மலையில்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் அப்பாவுடன் போனபோது எனக்கு வயது எட்டு. ரிங்லெட் ஏரி தெரிந்ததும் சன்னலோரம் தாவினேன். மின்சாரத்துக்காக 1963-இல் அணைகட்டித் தேக்கிய நீர் என்றார் அப்பா.

சென்ற பள்ளி விடுமுறையில் மகளை அழைத்துப் போனேன். ஏரி நீர் தேத்தண்ணீர் நிறத்தில் கிடந்தது. காட்டை அழித்துக் காய்கறி போட்ட சரிவுகளிலிருந்து மழை அரித்து வந்த மண்! 2013 அக்டோபரில் பெருமழையில் அணை நீரைத் திறந்துவிட, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின.

மரவேர் மண்ணைக் காக்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். "அம்மா, நம்ம வீட்டு முட்டைக்கோசும் இங்கே விளைஞ்சதுதானே?" என்றாள் மகள். உடனே பதில் வரவில்லை.

நீங்களும் மலைக்குப் போனால், காய்கறி வாங்குமுன் அந்த ஏரியை ஒருமுறை பாருங்கள்.